இரும்பைப் பிடித்த இரண்டு வளையங்கள்

1951 கோடையில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், டுகேன் பல்கலைக்கழகத்தில், பீட்டர் பாசனும் அவருடைய மாணவர் கீலியும் ஃபுல்வலீன் என்ற கரிமச் சேர்மத்தைத் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஐந்து கார்பன் கொண்ட வளையங்கள் இரண்டை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அதற்காக ஒரு கிரிக்னார்டு வினைபொருளுடன் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார்கள். ஃபுல்வலீன் வரவில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி வந்தது. பகுப்பாய்வு செய்தால் பத்து கார்பன், பத்து ஹைட்ரஜன், ஒரு இரும்பு. சுமார் 173 டிகிரி செல்சியஸில் உருகியது. காற்றும் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யவில்லை. இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் மில்லர், டெப்பொத், டிரெமெய்ன் ஆகிய மூவரும் முற்றிலும் வேறு வழியில் இதே பொருளைத் தயாரித்திருந்தார்கள்.

அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்கு இது பெரிய புதிர். கார்பன் மோனாக்சைடு சேர்மங்களையும் இன்னும் சிலவற்றையும் விட்டுவிட்டால், இரும்பு போன்ற இடைநிலை உலோகங்கள் கார்பனோடு நேரடியாகப் பிணைந்து நிலைத்திருக்காது என்றே எல்லோரும் நம்பினார்கள். பாசனும் கீலியும் டிசம்பர் மாத 'நேச்சர்' இதழில் வெளியிட்ட படத்தில், நடுவில் இரும்பு. இருபுறமும் ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஒரே ஒரு கார்பனோடு ஒற்றைப் பிணைப்பு.

1952 ஜனவரிக் கடைசியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அந்த இதழைப் புரட்டிய 30 வயது உதவிப் பேராசிரியர் ஒருவர், இந்தப் படம் சரியாக இருக்க முடியாது என்று அப்போதே முடிவு செய்தார். அவர் பெயர் ஜெஃப்ரி வில்கின்சன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டாட்மார்டன் என்ற பஞ்சாலை ஊரை ஒட்டிய சிற்றூரில் 1921-ல் பிறந்தவர். அப்பா வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். அம்மா பஞ்சாலைத் தொழிலாளி. எப்சம் உப்பும் கிளாபர் உப்பும் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றை உறவுக்காரர் ஒருவர் நடத்திவந்தார். வேதியியல் ஆசை அங்கேதான் துளிர்த்தது. உதவித்தொகையில் பள்ளிப் படிப்பு, உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரி. பள்ளியில் அவருக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்தான், பின்னாளில் அணுவைப் பிளந்து நோபல் பரிசு வாங்கிய ஜான் காக்ராஃப்டுக்கும் சொல்லிக்கொடுத்தவர். ஒரு சிற்றூர் பள்ளி ஆசிரியரின் இரண்டு மாணவர்கள் நோபல் வாங்கியிருக்கிறார்கள்!

போர்க்காலத்தில், 1943-ல், அணுசக்தித் திட்டத்துக்காக வில்கின்சன் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்ததும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிளென் சீபோர்க்கிடம் சேர்ந்து, சைக்ளோட்ரான் வைத்துப் புதுப்புது ஐசோடோப்புகளை உருவாக்கினார். அன்றைக்கு அணுக்கரு வேதியியலுக்கு இருந்த மவுசு வேறு எதற்கும் இல்லை. ஆனால் அந்தத் துறையில் இங்கிலாந்தில் பேராசிரியர் வேலை கிடைப்பது கஷ்டம் என்று அவருக்கு அறிவுரை வந்தது. 1950-ல் எம்.ஐ.டி.க்கு மாறியபோது, மாணவப் பருவத்தில் தனக்குப் பிடித்திருந்த இடைநிலை உலோக அணைவுச் சேர்மங்களுக்கே திரும்பினார். கனிம வேதியியலை அப்போது பலர் முடிந்துபோன கதையாக, வெறும் தகவல் பட்டியலாகப் பார்த்தார்கள். ஏறுமுகத்தில் இருக்கும் துறையை விட்டுவிட்டு அங்கே போவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பின்னர் அவர் வந்து சேர்ந்த ஹார்வர்டில், கரிம வேதியியல் மேதை ராபர்ட் உட்வர்டும் பாசன்–கீலி கட்டுரையைப் படித்து அதே சந்தேகத்தில் இருந்தார். இருவரும் ரோசன்ப்ளம், வைட்டிங் ஆகியோரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். அவர்கள் செய்த சோதனைகளின் எளிமையை இன்றைக்கும் வியக்கலாம். அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கான பகுதியில் ஒரே ஒரு கூர்மையான பட்டை. அப்படியென்றால் பத்து ஹைட்ரஜனும் ஒரே மாதிரியான சூழலில் இருக்கின்றன. ஒரு கார்பன் மட்டும் இரும்பைப் பிடித்திருந்தால் இது நடக்காது. காந்தப்புலத்தில் வைத்தால் டயாகாந்தத் தன்மை. இணையாத எலக்ட்ரான் கிடையாது. இருமுனைத் திருப்புத்திறன் ஏறக்குறைய பூஜ்யம்; மூலக்கூறு சமச்சீரானது. மூன்றையும் சேர்த்தால் ஒரே விடைதான் மிஞ்சுகிறது: இரண்டு வளையங்கள் மேலும் கீழும் தட்டையாகக் கிடக்க, நடுவில் இரும்பு, பத்து கார்பனோடும் ஒரே அளவில் பிணைந்திருக்கிறது. இரும்பின் 8 வெளி எலக்ட்ரான்களும் வளையத்துக்கு 5 வீதம் வரும் பத்தும் சேர்ந்து 18. கிரிப்டானைப் போல நிறைவான அமைப்பு. அந்தப் பொருள் ஏன் அவ்வளவு நிலையானது என்பதும் அதிலேயே விளங்கிவிட்டது.

வளையங்கள் பென்சீனைப் போல வினைபுரிவதை உட்வர்டு குழு காட்டியது. அதை ஒட்டியே ஃபெரோசீன் என்ற பெயரும் வந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷர் எக்ஸ்-கதிர் ஆய்வின் வழியாகத் தனியாக இதே விடைக்கு வந்து சேர்ந்தார். 1973-ல் வேதியியல் நோபல் பரிசு ஃபிஷருக்கும் வில்கின்சனுக்கும் கிடைத்தது. தன் பங்கு விடுபட்டது குறித்து உட்வர்டு நோபல் குழுவுக்கு மனத்தாங்கலோடு கடிதம் எழுதினார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் ருத்தேனியம், டைட்டானியம் என்று உலோகத்துக்கு உலோகம் போய், ஒற்றைச் சேர்மத்தை ஒரு முழுத் துறையாக்கியவர்கள் மற்ற இருவரும்தான். என் பார்வையில் பரிசு சரியான இடத்துக்கே போனது.

ஹார்வர்டு வில்கின்சனுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1955-ல் இம்பீரியல் கல்லூரி அழைத்தது. பிரிட்டனில் கனிம வேதியியலுக்கென்று நிலையான பேராசிரியர் பதவி அன்று அங்கே மட்டும்தான் இருந்தது.

அங்கே நடந்ததுதான் அவருடைய வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது. ரோடியம் குளோரைடை எத்தனாலில் கரைத்து, டிரைபீனைல்பாஸ்பீனைத் தேவைக்கு அதிகமாகவே போட்டுக் கொதிக்க வைத்தால், அடர்சிவப்புப் படிகங்கள் குடுவையில் படியும். ஆஸ்பர்ன், ஜார்டின், யங் என்ற இளைஞர்களோடு 1960-களின் நடுவில் வில்கின்சன் ஆராய்ந்த இந்தச் சேர்மம் இன்று 'வில்கின்சன் வினையூக்கி' என்றே அழைக்கப்படுகிறது. பென்சீனில் இதைச் சிறிதளவு கரைத்து, ஒரு ஆல்கீனையும் சேர்த்து, ஹைட்ரஜன் வாயுவை விட்டால், அறை வெப்பத்தில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜனேற்றம் நடந்துவிடும். ரோடியம் ஒரு பாஸ்பீனை உதறி இடம் விடுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து இரண்டு அணுக்களையும் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. காலி இடத்தில் ஆல்கீன் வந்து அமர்ந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக அதற்குக் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. இதற்கு ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் தெரியும். சதகுப்பை எண்ணெயில் இருக்கும் கார்வோனில் இரண்டு கார்பன் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் ஹைட்ரஜனேற்றிவிட்டு, உள்ளே இருப்பதை இந்த வினையூக்கி அப்படியே விட்டுவிடும்.

இதிலிருந்து ஒரு மருந்தைத் தயாரிக்கும் வழி பிறந்தது. மான்சாண்டோ நிறுவனத்தின் வில்லியம் நோல்ஸ், சாதாரண பாஸ்பீனுக்குப் பதிலாகக் கைரல் பாஸ்பீன்களை ரோடியத்தோடு சேர்த்தார். வலக்கை, இடக்கை என்று இரு வடிவங்களில் வரக்கூடிய மூலக்கூறில் தேவையான வடிவத்தை மட்டும் பெரும்பாலும் தயாரிக்க முடிந்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரப்படும் எல்-டோபா அவ்வழியில் தொழிற்சாலையிலேயே தயாரானது. நோல்ஸுக்கு 2001-ல் நோபல் கிடைத்தது.

ஃபெரோசீனும் ஆய்வக அலமாரியோடு நின்றுவிடவில்லை. அது ஒரு எலக்ட்ரானை எளிதில் இழக்கும், எளிதில் திரும்பப் பெறும். ஆரஞ்சு நீலமாகும், நீலம் ஆரஞ்சாகும். 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்கள் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் உணரியை உருவாக்கினார்கள். வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் பேனா வடிவக் கருவி அதிலிருந்து வந்தது.

நம் ஊர் முதுநிலை வேதியியல் மாணவர்களுக்கு வில்கின்சன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, தன் ஹார்வர்டு மாணவர் ஆல்பர்ட் காட்டனோடு சேர்ந்து அவர் எழுதி 1962-ல் வெளிவந்த தலையணைப் புத்தகம்தான். தனிமம் தனிமமாகப் போகும் அந்த நூல், அமைப்பையும் பிணைப்பையும் முன்னால் வைத்துக் கனிம வேதியியல் பாடத்தையே புதிதாக அடுக்கிக்கொடுத்தது. நோபல் வாங்கிய பிறகும் அவர் ஆய்வகத்தை விடவில்லை. 1996 செப்டம்பரில் இறக்கும் வரை ஆய்வில்தான் இருந்தார்.

கல்லூரிகளில் கனிம வேதியியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினெட்டு எலக்ட்ரான் விதியைக் கரும்பலகையில் எழுதி, எடுத்துக்காட்டு ஃபெரோசீன் என்று முடித்துவிடாதீர்கள். வில்கின்சனும் உட்வர்டும் மற்ற இருவரும் 1952 ஏப்ரலில் அமெரிக்க வேதியியல் கழக இதழில் எழுதியது மொத்தம் இரண்டே பக்கம். விடையைச் சொல்வதற்கு முன்பு அந்த அகச்சிவப்புப் பட்டையையும் காந்த அளவீட்டையும் திருப்புத்திறனையும் மாணவர்களிடம் கொடுத்து, அமைப்பை அவர்களையே வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்ததும் அந்த இரண்டு பக்கத்தைக் கையில் கொடுங்கள். அதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும்.