உப்புசமும் அமில நோயும்: தானியம் உண்ணும் கால்நடைகளின் வயிற்று நுண்ணுயிர்கள் – எளாவூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அசைபோடும் கால்நடைகள் சோறு, அரிசி முதலியவற்றைத் திடீரென மிகுதியாக உண்ணும்போது, அவற்றின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து அமில நோய் தோன்றுகிறது. பேச்சு வழக்கில் இந்நோயும் வாயுவினால் வரும் உப்புசமும் பெரும்பாலும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. அதனால் ஒன்றுக்குரிய மருத்துவம் மற்றொன்றுக்குச் செய்யப்படும் நிலை நேர்கிறது. இந்நோயின் இயல்பையும் அதைச் சுட்டும் சொற்களின் நிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசையூண் வயிறு, லாக்டிக் அமிலம், நுண்ணுயிர்ச் சமநிலை, கழுநீர், உப்புசம்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள எளாவூர், பழவேற்காடு ஏரியை அடுத்த ஊராகும். ஏரியைச் சார்ந்த மீனவக் குடியிருப்புகளும் நெல்வயல்களும் அருகருகே அமைந்த வட்டாரம் இது. உவர்நீர் பரவும் நிலத்தில் பசும்புல் ஆண்டு முழுதும் கிடைப்பதில்லை. வைக்கோல், தவிடு, வீட்டில் எஞ்சும் சோறு, கஞ்சி ஆகியவையே இத்தகைய இடங்களில் ஓரிரு மாடுகளையும் சில ஆடுகளையும் வைத்திருப்போர்க்குக் கைவசமுள்ள தீவனம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. தீவனத்தின் விலை உயரும்போது அரிசி கால்நடைக்கும் செல்வது இயல்பு. வள்ளுவர் ‘மாடு’ என்னும் சொல்லைச் செல்வம் என்னும் பொருளில் ஆள்கிறார். ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிய வீட்டிற்கு இன்றும் அப்பொருளே பொருந்தும். அம்மாடு ஒருவேளைச் சோற்றால் இறக்கக்கூடும் என்பது பலரும் எண்ணிப் பாராத உண்மை.

அசையூண் வயிறும் அதன் குடிகளும்

மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவதும் பெரியதுமான அறையைக் கால்நடை அறிவியல் நூல்கள் ‘அசையூண் வயிறு’ என்பர். வளர்ந்த பசுவில் இது நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். உயிர்வளி ஏறத்தாழ இல்லாத இவ்வறையில், ஒரு மில்லி லிட்டர் நீர்மத்தில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வைக்கோலின் நாரைச் சிதைக்கும் நொதிகள் மாட்டிடம் இல்லை. அவ்வேலையைச் செய்பவை இப்பாக்டீரியாக்களே. அவை நாரை நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் அமிலங்களை உண்டாக்குகின்றன. வயிற்றுச் சுவர் வழியே உறிஞ்சப்படும் இவ்வமிலங்களே மாட்டின் ஆற்றலில் பெரும்பகுதியைத் தருகின்றன. மாட்டுக்குத் தீவனம் இடுவது என்பது முதலில் இந்நுண்ணுயிர்களுக்கு உணவிடுவதேயாகும்.

நாள்தோறும் அமிலம் ஊறும் வயிறு புளித்துப் போகாமல் காப்பது அசைபோடுதல். நார்த்தீவனத்தை மீட்டு மெல்லும்போது சுரக்கும் உமிழ்நீர், பசுவுக்கு ஒரு நாளில் நூறு லிட்டரைத் தாண்டும். அதிலுள்ள பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் அமிலத்தை ஈடுசெய்கின்றன. இதனால் வயிற்றின் பி.எச். அளவு பொதுவாக 6 முதல் 7 வரை நிற்கிறது.

சமநிலை குலையும் முறை

அரிசியின் மாவுச்சத்து நாரைவிட மிக விரைவாக நொதிப்பது. சமைத்த சோற்றில் அம்மாவுச்சத்து வெந்து விரிந்திருப்பதால் நொதித்தல் இன்னும் விரைகிறது. வெல்லம் சேர்ந்த பொங்கலில் சர்க்கரையும் கூடுகிறது. இவற்றை மெல்ல வேண்டிய தேவை குறைவு. ஆகவே அமிலம் மிகும் அதே வேளையில் உமிழ்நீர் குறைகிறது.

பி.எச். 6-க்குக் கீழே இறங்கும்போது நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தளர்கின்றன. மாவுச்சத்தை உண்டு மிக விரைவாகப் பெருகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்னும் பாக்டீரியா அவ்விடத்தைப் பிடிக்கிறது. அது உண்டாக்கும் லாக்டிக் அமிலம் ஏனைய வயிற்றமிலங்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வலியது. லாக்டிக் அமிலத்தை உண்டு தீர்க்கும் மெகாஸ்பேரா எல்ஸ்டெனி போன்ற பாக்டீரியாக்கள் வயிற்றில் உண்டு. ஆயினும் அவை மெல்லப் பெருகுபவை. ஆக்குவோர் சில மணி நேரத்தில் பெருக, தீர்ப்போர் பல நாள் கழித்தே பெருகுகின்றனர். நோயின் வேர் இவ்விடைவெளியில் உள்ளது. பி.எச். 5-க்குக் கீழ் வீழ்ந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் பின்வாங்கி, அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் மேலோங்குகின்றன. குருதியிலுள்ள நீர் வயிற்றினுள் இழுக்கப்பட்டு உடல் வறள்கிறது. அமிலம் குருதியிலும் ஏறுகிறது. மாடு தள்ளாடி விழுகிறது.

தானியம் மிகுதியாக உண்ட செம்மறியாடுகளின் வயிற்றில் நிகழும் இந்நுண்ணுயிர் மாற்றத்தை ஹங்கேட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1952-இல் விளக்கினர். நடைமுறையில் இது எவ்வளவு கொடியது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில், புரோட்டாவும் பலாப்பழமும் மிகுதியாக உண்ட ஐந்து பசுக்கள் இறந்தன.

தானியமே நஞ்சு எனக் கொள்ளுதல் பிழையாகும். சிறிது சிறிதாக இரண்டு மூன்று வாரங்களில் அளவு கூட்டப்படின், அமிலத்தைத் தீர்க்கும் பாக்டீரியாக்கள் பெருகி வயிறு பழகிக்கொள்கிறது. தீங்கு செய்வது திடீர் மாற்றம். எனினும் பழகிய மாட்டிலும் தானியம் மிகுந்தும் நார் குறைந்தும் இருந்தால், வெளிப்படத் தோன்றாத இலேசான அமில நிலை நீடித்துப் பால் கொழுப்பு குறைதல், குளம்பு அழற்சி, கல்லீரல் சீழ்க்கட்டி ஆகியவற்றுக்கு வழிவகுக்கும்.

குடலின் பின்பகுதியிலும் இதன் விளைவு உண்டு. செரியாது கடந்து செல்லும் மாவுச்சத்து பெருங்குடலில் நொதித்து அங்கும் அமிலத்தை மிகுவிக்கிறது. தானியம் உண்ட மாடுகளில் அமிலத்தைத் தாங்கும் ஈ. கோலை பாக்டீரியாக்கள் மிகுதி என்றும், ஐந்து நாள் உலர்புல் அளித்தால் அவை பெரிதும் குறைகின்றன என்றும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் கூறினர். மனிதர்க்கு நோய் தரும் ஓ157 வகைக்கு இது பொருந்துமா என்பதில் பின்வந்த ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை.

பெயரும் மருத்துவமும்

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமை, ஆண்மை, பெண்மைப் பெயர்களை வகுத்துரைக்கிறது. தீவனம் சார்ந்த சொற்களிலும் தமிழ் வளமுடையது. ‘கழுநீர்’ என்பது அரிசி களைந்த நீர். ‘வடிகஞ்சி’ சோறு வடித்த நீர். இவ்விரண்டிலும் மாவுச்சத்து நீரில் கரைந்து சிறு அளவிலேயே உள்ளது. வைக்கோலை முதன்மையாகவும் கழுநீரைத் துணையாகவும் கொண்ட பழைய முறையில் நுண்ணுயிர்ச் சமநிலை குலைய வாய்ப்புக் குறைவு. தொட்டியில் கழுநீர் ஊற்றிய இடத்தில் சோறே கொட்டப்படும்போது, பழக்கத்தின் வடிவம் மாறாமல் அளவு மட்டும் மாறிவிடுகிறது.

நோய்ப்பெயரில் இவ்வளம் இல்லை. ‘வயிறு உப்புசம்’, ‘வயிறு ஊதிவிட்டது’ என்னும் வழக்குகள் இருவேறு நிலைகளையும் சுட்டுகின்றன. வாயு உப்புசத்தில் இடப்பக்க விலா பறைபோல் விறைத்து மூச்சுத் திணறும். நுரை கட்டிய வாயுவைக் கலைக்க எண்ணெய் புகட்டுதல் அதற்குரிய முதலுதவி. அமில நோயில் வயிற்றினுள் நீர் தளும்பும், அசைபோடுதல் நிற்கும், புளித்த நாற்றமுடைய கழிச்சல் உண்டாகும், கண்கள் குழிவிழும். எண்ணெய் அமிலத்தை ஈடுசெய்வதில்லை. இங்குத் தேவைப்படுவது சோடியம் பைகார்பனேட் போன்ற காரமும், இழந்த நீரை மீட்கும் மருத்துவமும் ஆகும். கடும் நிலையில் வயிற்றைத் திறந்து உள்ளிருப்பதை அகற்றி, நலமான மாட்டின் வயிற்று நீர்மத்தைச் செலுத்துவர். குலைந்த நுண்ணுயிர்க் குடியை மீண்டும் குடியேற்றும் முறை அது. நோய் சில மணி நேரத்தில் முற்றுவதால் பெயர்க் குழப்பம் உயிரிழப்பாக முடியக்கூடும்.

‘அமில நோய்’ என்னும் ஆக்கச்சொல் கால்நடை மருத்துவ எழுத்துகளில் இருப்பினும் தொழுவத்தை எட்டவில்லை. ‘புளிப்பு’ என்பது எல்லார்க்கும் தெரிந்த சொல். ‘வயிற்றுப் புளிப்பு’ என வழங்கினால், ‘உப்புசம்’ என்பதிலிருந்து வேறுபட்ட நோய் என்பதும் அதன் காரணமும் ஒருங்கே விளங்கும்.

முடிவுரை

1. அமில நோய்க்குக் காரணம் தானியத்தின் இயல்பு மட்டுமன்று. நுண்ணுயிர்கள் பழகுதற்குமுன் நேரும் திடீர் மிகுதியே முதற்காரணம்.

2. மாட்டுப் பொங்கல், திருமணம் போன்ற நாள்களில் எஞ்சிய சோற்றை அன்பினால் மிகுதியாக ஊட்டுதல் தவிர்க்கத்தக்கது. வைக்கோல் அளித்த பின்னர்ச் சிறிதளவு படைத்தல் மரபையும் உயிரையும் ஒருசேரக் காக்கும்.

3. உப்புசம், வயிற்றுப் புளிப்பு என இரு நோய்க்கும் இரு பெயர் வழக்கில் நிலைபெறுதல் வேண்டும். வட்டார வழக்கு அகராதிகளைத் தொகுப்போர் கால்நடை நோய்ப்பெயர்களை அறிகுறிகளோடு சேர்த்துப் பதிவுசெய்தல், எளாவூர் போன்ற ஊர்களின் தொழுவங்களுக்கு நேரே பயன்தரும் பணியாகும்.