தோட்டப்புறத் தமிழரும் இணையவழி உளவள ஆலோசனையும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டங்களில் வாழும் தமிழர் மனச்சோர்வுக்காக ஆலோசகரை நாடுவதற்கு இரு தடைகள் உள. ஒன்று நகரத்தின் தொலைவு. மற்றொன்று அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பரோ என்னும் அச்சம். இணையவழி ஆலோசனை இவ்விரண்டையும் ஓரளவு குறைக்கிறது. எனினும் மூன்றாவதான மொழித்தடையை அது தானாக நீக்குவதில்லை.

நம்மவருள் பலர் மனத்துயரை உடல்வழியே உரைப்பர். 'நெஞ்சு அடைக்கிறது', 'தலை பாரமாக இருக்கிறது' என்பன மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்கப்படும்போது வெறும் உடல்நோயாகக் கொள்ளப்படலாம். ஆகவே தமிழறிந்த ஆலோசகரைக் கேட்டுப் பெறுதல் நன்று. இயலாதவிடத்து, அத்துன்பம் எப்போது தோன்றுகிறது, உறக்கமும் உணவும் வேலையும் அதனால் எவ்வாறு கெடுகின்றன என்பதை முதல் அமர்விலேயே விளக்குதல் வேண்டும். ஒற்றைச் சுவர் பிரிக்கும் லயத்து வீட்டில் வாய்விட்டுப் பேச இயலாதவர் எழுத்துவழி உரையாடலைத் தெரிவு செய்யலாம்.

1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, இந்நாட்டில் ஆலோசகராகத் தொழில்புரிவோர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் கட்டாயமாகும். எனவே பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

தற்கொலை எண்ணம் எழுமாயின் அடுத்த அமர்வுக்குக் காத்திருத்தல் ஆகாது. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் ஹீல் உதவி எண்ணையோ மருத்துவமனை அவசரப் பிரிவையோ உடனே நாட வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பவர் இனித் தண்டனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.