ஒருவர் போன பிறகும் அது அதே குழுவா?

(தொலைக்காட்சிக் கருத்துக் களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2007ஆம் ஆண்டு ஜூன் மாதம். நான் அப்போது கிராஞ்சியில், சுங்கை காடுட் பக்கமுள்ள ஒரு மரத் தொழிற்கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை எங்கள் லாரி ஓட்டுநர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர், நேராக என் மேசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு “தக்ஸியா” என்றார். இழவு வீட்டில் சொல்கிற சொல். யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனேன். “லோகா போய்விட்டார்” என்றார். கண் கலங்கியிருந்தது.

லோகா எனக்கு உறவு இல்லை, நான் அவரை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனால் லோகாவும் தமிழர், நானும் தமிழன். ஆகவே துக்கம் விசாரிக்க வேண்டிய வீட்டுக்காரன் நான்தான் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவருக்குத் தெரிந்த லோகா பாட்டுகளில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது.

லோகா என்பது லோகநாதன் ஆறுமுகம். பினாங்குத் தமிழர். அண்ணன் டேவிட் ஆறுமுகத்தோடு சேர்ந்து அலிகேட்ஸ் குழுவின் முகமாக இருந்தவர். 1960களின் கடைசியில் பினாங்கில் உருவான அந்தக் குழு, ஆங்கிலப் பாட்டுகள் பாடி, ஹாங்காங் மேடைகளிலும் வாசித்துப் பழகி, 1970களின் இறுதியில் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. அதற்குப் பிறகு தீபகற்பத்தில் அவர்களைத் தெரியாத வீடு குறைவு. சுருட்டை சுருட்டையாகக் குடைபோல் விரிந்த தலைமுடியோடு இரண்டு தமிழ்ச் சகோதரர்கள் மலாய்க் காதல் பாட்டுப் பாடுவதைக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் அவர்களுக்கு இசையமைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர். அன்றைக்கு மலேசியாவின் ஆர்டிஎம் ஒளிவழி இங்குள்ள வீடுகளிலும் கிடைத்தது. கிராஞ்சிக்காரருக்கு ஜோகூர் கூப்பிடு தூரம். லிட்டில் இந்தியாவுக்கு அருகே குவீன் ஸ்திரீட்டில் புறப்படும் 170ஆம் எண் பேருந்து கிராஞ்சி வழியாகத்தான் கடற்பாலத்தைத் தாண்டுகிறது. பாட்டுக்குக் குடிநுழைவுச் சோதனையும் கிடையாது.

லோகநாதன் 2007 ஜூன் 4ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ராக் ரசிகர்கள் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வரலாம். அலிகேட்ஸ் பாப் குழுவாயிற்றே, ராக் குழுக்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இதை ஏன் சொல்கிறீர்கள் என்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீண்டகாலக் கலைஞர் ஒருவரை ஒரு குழு இழக்கும்போது ரசிகர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை நான் முதலில் கண்டது அந்த லாரி ஓட்டுநரின் முகத்தில்தான்.

*எல்லா இழப்பும் ஒன்றல்ல*

முதலில் ஒரு கசப்பான உண்மை. ரசிகர்கள் எல்லாருக்காகவும் ஒரே அளவில் அழுவதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் பில் வைமன் முப்பது ஆண்டுகள் பேஸ் கித்தார் வாசித்தார். அவர் விலகிய செய்தி 1993 ஜனவரியில் வந்தது. கொஞ்சம் வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான். அவர் இடத்தில் டாரில் ஜோன்ஸ் வாசிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2014 மார்ச்சில் அந்தக் குழு மரீனா பேயில் நிகழ்ச்சி நடத்தியபோதும் அவர்தான் வாசித்தார். அவர் பெயர் தெரியாமலே கைதட்டிவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

குரல் போனால் கதை வேறு. குரல் என்பது மனிதரின் உடம்பு. கித்தாரின் ஒலியை இன்னொருவர் ஏறக்குறையக் கொண்டுவந்துவிடலாம். குரலை அப்படிக் கொண்டுவந்தால் மிமிக்ரி என்போம். நம் ஊர் ருத்ரா குழுவையே பாருங்கள். 1992இல் தொடங்கிய, வேத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் மெட்டல் இசையில் ஏற்றிய குழு. கித்தார் கலைஞர்கள் மாறியிருக்கிறார்கள். ஆனால் கதிரின் குரல் நிற்பதால் ருத்ரா ருத்ராவாகவே இருக்கிறது.

இந்தக் கணக்கும் எப்போதும் சரிவருவதில்லை. ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் மேடையின் பின்பக்கத்தில் கோட்டும் சூட்டும் போன்ற அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் 2021 ஆகஸ்டில் இறந்தபோது உலகமெங்கும் ரசிகர்கள் கலங்கினார்கள். அடுத்த மாதம் சுற்றுப்பயணம் தொடங்கியபோது வெறும் டிரம்ஸ் தாளத்தோடு அவருடைய படங்களைத் திரையில் காட்டிவிட்டுத்தான் குழு வாசிக்க ஆரம்பித்தது. பாடாத மனிதருக்கு இவ்வளவு துயரம் ஏன்?

ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்குத் தெரிந்த விடை. ரசிகர் பள்ளிக்கூடம் போனார், தேசிய சேவை செய்தார், வேலைக்குச் சேர்ந்தார், கல்யாணம் செய்தார், வீடு மாறினார். மாறாமல் இருந்தது அந்த ஆள் ஒருவர். எங்கள் ஓட்டுநரும் லோகாவைப் பற்றிப் பேசத் தொடங்கி, சற்று நேரத்தில் தன் முதல் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நானும் குறுக்கிடவில்லை.

*சொல்லாமல் விட்டால்*

இறப்பால் வரும் இழப்பில் குற்றம் சாட்ட ஆள் இல்லை. விலகலில் உண்டு. ரசிகர்களின் கோபம் அங்கேதான் பற்றிக்கொள்கிறது.

1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழு தன் டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தது. நீக்கும் வேலையைக் குழுவினர் தாங்களே செய்யவில்லை. மேலாளரிடம் விட்டுவிட்டார்கள். லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் ரசிகர்கள் பீட்டுக்கு ஆதரவாகவும் ரிங்கோவுக்கு எதிராகவும் கத்தினார்கள். அந்தக் கலாட்டாவில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண்ணில் அடி விழுந்தது. பீட் அந்தக் குழுவில் இருந்தது சுமார் இரண்டே ஆண்டுகள். அப்படியிருந்தும் அவ்வளவு ஆத்திரம். ஏன் நீக்கினார்கள் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் ரசிகர்கள் தாங்களே ஒரு காரணத்தைக் கட்டிவிடுவார்கள், அது பெரும்பாலும் பொறாமைக் கதையாகத்தான் இருக்கும்.

ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் பிங்க் ஃபிளாய்டை விட்டுப் போனபோது சண்டை பெயருக்கே வந்துவிட்டது. தான் இல்லாமல் அந்தப் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தக்கூடாது என்று வழக்குத் தொடுத்தார். 1987இல் சமரசம் ஆயிற்று. டேவிட் கில்மோரும் நிக் மேசனும் பெயரை வைத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சிக்குச் சொற்கள் முக்கியம், மறு கட்சிக்குக் கித்தார் முக்கியம். 2005 ஜூலையில் லண்டன் லைவ் எய்ட் மேடையில் நால்வரும் ஒன்றாக நின்றதைப் பார்த்தபோது இரு கட்சியினரும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். (லைவ் எய்ட் என்றா சொன்னேன்? அது 1985. இது லைவ் 8. நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு நேயர் திருத்தினார், நன்றி.)

தமிழருக்கு இது புதிதா என்ன? விஸ்வநாதன் - ராமமூர்த்தி இணை 1965இல் பிரிந்தது. ராக் என்ற சொல்லே நம் காதில் விழாத காலத்தில், எந்தப் பாட்டில் யார் பங்கு அதிகம் என்று காப்பிக் கடைகளில் வழக்காடியவர்கள் நம் அப்பாக்கள். வயலின் தூக்கலாகக் கேட்டால் அது ராமமூர்த்தி என்பார் ஒருவர். ஹார்மோனியத்தில் பிறந்த மெட்டு விஸ்வநாதன் என்பார் மற்றவர். முப்பது ஆண்டு கழித்து, 1995இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். பழைய அலை எழவில்லை. ஆனாலும் விளம்பரத்தில் இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்த்ததே போதும் என்றிருந்தவர்களை நான் அறிவேன். அவர்கள் கேட்டது புதிய பாட்டை அல்ல என்றே நினைக்கிறேன்.

*1980இன் இரண்டு விடைகள்*

இறந்தவருக்குப் பிறகு குழு தொடரலாமா? இந்தக் கேள்விக்கு ஒரே ஆண்டில் இரண்டு எதிரெதிர் விடைகள் கிடைத்தன. 1980 பிப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். தொடர்ந்து பாடச் சொல்லி அவருடைய பெற்றோரே ஊக்கம் கொடுத்ததாகக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். பிரையன் ஜான்சன் புதிய பாடகரானார். ஜூலையிலேயே ‘பேக் இன் பிளாக்’ வெளிவந்தது. இசைத்தட்டின் உறை முழுக்கக் கறுப்பு, நண்பருக்குத் துக்க அடையாளம். உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றாக அது ஆயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில் லெட் ஸெப்பலின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் இறந்தார். டிசம்பரில் மற்ற மூவரும் குழுவை முடித்துக்கொள்வதாக அறிக்கை விட்டார்கள்.

ரசிகர்கள் இரண்டையும் ஏற்றார்கள். ஒன்று சரி, மற்றது பிழை என்று யாரும் பெரிதாக வாதாடவில்லை. இரண்டு குழுவும் போனவர் போய்விட்டார் என்பதை மறைக்கவில்லை. ஒருவர் கறுப்பு உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனார், மற்றவர் கடையைச் சாத்தினார். துக்க வீட்டில் இரண்டு வழக்கமும் உண்டு.

குயீன் குழு மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. பிரெடி மெர்குரி 1991 நவம்பரில் மறைந்தார். பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் பல ஆண்டுகள் கழித்து வேறு பாடகர்களோடு மேடை ஏறினார்கள். ஆனால் விளம்பரத்தில் வெறுமனே குயீன் என்று போடவில்லை. குயீன், அதன் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, அதற்கப்புறம் பாடகர் பெயர். 2016 செப்டம்பரில் ஃபார்முலா ஒன் பந்தயத்தின்போது பாடாங் திடலில் அவர்கள் வாசித்ததும் ‘குயீன் + ஆடம் லாம்பர்ட்’ என்ற பெயரில்தான். அந்தச் சின்னக் கூட்டல் குறியில் எவ்வளவு மரியாதை இருக்கிறது! நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, இவர் அதில் உட்காரவில்லை, பக்கத்தில் நிற்கிறார் என்று அது சொல்லிவிடுகிறது.

கேள்வி நேரத்தில் ஓர் இளையர் லிங்கின் பார்க் பற்றிக் கேட்டார். செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலையில் இறந்தார். 2024 செப்டம்பரில் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் புதிய பாடகியாக வந்தார். கூட்டல் குறி இல்லை, குழுவின் பெயர் அதேதான். “என்னால் ஏற்க முடியவில்லை சார், அது தவறா?” என்றார் அந்த இளையர். தவறில்லை, தம்பி. நீங்கள் கேட்காமல் இருக்கலாம். பழைய பாட்டுகள் உங்களிடம்தான் இருக்கின்றன, யாரும் பிடுங்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண்மணியைத் திட்டுவது தவறு. செஸ்டரை அவர் அனுப்பிவைக்கவில்லை. ரிங்கோவைக் கத்தி விரட்டப் பார்த்தவர்கள் பிற்பாடு என்ன நினைத்திருப்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் ஆண்டு பெரிய சோதனை. ரசிகரின் துக்கத்தை வாங்கிக்கொள்ள அவர் ஒருவர்தான் எதிரே நிற்கிறார்.

*கிராஞ்சியில் ஒரு கேசட்*

அலிகேட்ஸ் என்ன செய்தது? டேவிட் அதே பெயரில் பாடுவதைத் தொடர்ந்தார். வெளியாள் ஒருவரைத் தம்பியின் இடத்தில் வைப்பதா என்ற கேள்வி அங்கே வேறு விதமாக நின்றது, ஏனென்றால் மிஞ்சியிருந்தவர் உடன்பிறந்த அண்ணன். ரசிகர்கள் அவரைத் துக்கத்தில் இருக்கிற வீட்டு மனிதராகவே பார்த்தார்கள். அவர் பாடுவதை நிறுத்தியிருந்தால்தான் நம் ஓட்டுநர் கோபித்திருப்பார்.

அந்த வாரம் முழுக்க அவருடைய லாரியில் அலிகேட்ஸ் கேசட்தான் ஓடியது. ஒருமுறை வங்கிக்குப் போக நானும் கூட ஏறிக்கொண்டேன். உட்லண்ட்ஸ் சாலையில், கிராஞ்சிப் போர் நினைவிடத்தைத் தாண்டும்போது ஒரு பாட்டு தொடங்கப் போயிற்று. சட்டென்று கையை நீட்டி அதை ஓட்டிவிட்டார். என்ன பாட்டு என்றேன். “அன்டாய்ன்யா அகு பெர்கி டுலு” என்றார். ஒருவேளை நான் முன்னே போய்விட்டால் என்று பொருள். இருபது ஆண்டுக்கு மேலாகக் கேட்ட பாட்டு, இந்த வாரம் மட்டும் வேண்டாம் என்றார்.

பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டார், லோகநாதன் என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று. உலகத்துக்கே தலைவன் என்றேன். “ஓ, அவ்வளவு பெரிய பெயரா!” என்று சிரித்துவிட்டு, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.