தோசை சிவப்பதும் கால் மரத்துப்போவதும்

ஓட்டல் தோசை அப்படிச் சிவந்து முறுகலாக வருவதற்கு மாஸ்டர்கள் செய்யும் சின்ன வேலை ஒன்று உண்டு. மாவில் ஒரு சிட்டிகை சீனி போடுவார்கள். சூடான கல்லில் அந்தச் சர்க்கரை உளுந்தின் புரதத்தோடு ஒட்டி உருமாற, நிறமும் மணமும் வருகின்றன. 1912-இல் இந்த வினையை விவரித்தவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலுக்கும் இந்தத் தோசைக்கும் உள்ள உறவு வெறும் உவமையோடு நிற்பதில்லை. பாதிக் கதை ஒரே வேதியியல்தான்.

உடம்புச் சூடு 37 டிகிரிதான். அதனால் கல்லில் ஒரு நிமிடத்தில் முடிவது இங்கே வாரக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிறது. மாவில் சீனி கூடினால் சீக்கிரம் சிவக்கும். ரத்தத்தில் கூடினாலும் அதே கணக்கு. ‘மூணு மாச சுகர்’ என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை அளப்பதே இந்த ஒட்டலைத்தான். 9 என்று ரிப்போர்ட் வந்தால், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பொருள். சிவப்பணு சுமார் 120 நாளில் மடிந்து புதியது வந்துவிடும். ரத்தக்குழாய்ச் சுவரின் புரதங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அங்கே ஒட்டியது தங்கிவிடும்.

நரம்புக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தசை சர்க்கரையை உள்ளே எடுக்க இன்சுலின் வேண்டும்; நரம்புக்கு வேண்டாம். ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறும். மிஞ்சியதை நரம்பு சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த வேதிப்பொருள்கள் அந்த வேலையிலேயே செலவாகிவிடுகின்றன. நரம்புக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் தடித்துக் குறுகுகின்றன.

முதலில் கால் விரல் ஏன்? பெருவிரல் நுனிக்கு உணர்வு தரும் இழை முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு அருகிலிருந்து புறப்படுகிறது. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதற்கு வேண்டிய புரதமெல்லாம் மேலே தயாராகி அவ்வளவு தூரம் வந்து சேர வேண்டும். வரத்து குறைந்தால் கடைசி முனைதான் முதலில் வாடும். அதனால்தான் மதமதப்பு இரு பாதங்களிலும் தொடங்கி மேலே ஏறுகிறது. கைவிரலுக்கு அது வருவது பிறகுதான்.

ராத்திரி போர்வை பட்டால்கூட எரிகிறது, ஊசி குத்துகிறது என்பவர்கள் டாக்டரிடம் போய்விடுவார்கள். பிரீகேபலின், டுலோக்செடின் போன்ற மாத்திரைகள் வலியைத் தணிக்கும், நரம்பைச் சரிசெய்யாது. எனக்குப் பயமெல்லாம் “எரிச்சல் தானாவே போச்சு” என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பற்றித்தான். சர்க்கரை கட்டுக்குள் வராமலே எரிச்சல் நின்றால், நரம்பு குணமாயிற்றா, செத்தே போயிற்றா என்று பார்க்க வேண்டும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பவருக்குக் காலில் ஆணி ஏறினாலும் தெரியாது.

இந்த ஆபத்தை உலகுக்கு விளக்கியதில் வேலூருக்குப் பங்கு உண்டு. 1946-இல் அங்குள்ள சிஎம்சி மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குச் சதை அழுகுவது காரணமல்ல, வலி தெரியாமல் அதே இடத்தை மிதித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்று காட்டினார். அந்தக் கால்களுக்காகப் பழக்கத்துக்கு வந்த எம்சிஆர் என்ற மென்மையான ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறார்கள்.

ஆகவே கண்தான் இனி வலியின் வேலையைச் செய்ய வேண்டும். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். வறண்ட பாதத்துக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். கால்ஆணியை பிளேடால் சீவாதீர்கள். இதமாக இருக்கும் என்று வெந்நீரில் கால் வைப்பது நம் வீடுகளின் பெரிய வில்லன். சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படியே. சாமி காலையிலும் இருப்பார்.

தோசைக்கும் உடம்புக்கும் ஒரு வித்தியாசம்: சிவந்த தோசையை எடுத்துவிடலாம், உடம்பைக் கல்லிலிருந்து இறக்க முடியாது. சீனியைத்தான் குறைக்க வேண்டும். முதல் வகை நீரிழிவுக்காரர்களிடம் நடந்து 1993-இல் வெளியான டிசிசிடி ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு இல்லை. அங்கே எடை, கொழுப்பு, ரத்த அழுத்தம், புகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது. அது குறைந்தாலும் கால் இப்படியே மரக்கும், அதற்கு மருந்து உண்டு. வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு சில நிமிடம் போதும். புண் என்று ஒன்று கண்ணில் பட்டால், வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் அன்றே கிளம்பிவிடுங்கள்.