வழி தவறும் சியாக்காப் குஞ்சுகள்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மீன் விலை ஏறினால் மழையையும் டீசலையும் குறை சொல்கிறோம். மீன் குஞ்சாக இருக்கும்போதே அதற்கு என்ன நேர்கிறது என்று யோசிப்பதில்லை.

சியாக்காப் எனும் கொடுவா மீனைப் பாருங்கள். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் பாக்காவ் மரங்கள் அடர்ந்த நீரோடைகளுக்குள் புகுந்து வளரும். கெத்தாம் தீவைச் சுற்றியுள்ள அலையாத்திக் காடுகள் இப்படிப்பட்ட தொட்டில்கள்தாம். கிள்ளான் அலையாத்திப் பகுதியில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மீன் வகைகளைப் பதிவு செய்துள்ளனர்.

கடலில் மிதக்கும் குஞ்சு தன் தொட்டிலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனையும் ஒலியும் வழிகாட்டுகின்றன. சிக்கல் இங்கேதான்.

நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அது நீரில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல்மேல்நீரின் பிஎச் அளவு இப்போது சுமார் 8.1. சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் அமிலத்தன்மை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடிவிட்டது.

இந்த நூற்றாண்டின் இறுதியில் எதிர்பார்க்கப்படும் அளவுக்கு அமிலமேற்றிய நீரில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொடுவாக் குஞ்சுகளை வளர்த்தனர். அவை முகத்துவாரத்தின் இயல்பான ஒலியை விட்டு விலகி, தொடர்பில்லாத இரைச்சலை நாடின. 2018இல் இம்முடிவு வெளிவந்தது.

எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவளப்பாறை மீன்களின் நடத்தை பற்றிய முந்தைய சில முடிவுகள், 2020இல் வெளியான மறுசோதனையில் உறுதிப்படவில்லை.

வெப்பத்தின் பாதிப்போ தெளிவானது. நீர் சூடானால் அதில் கரைந்துள்ள உயிர்வாயு குறைகிறது. குஞ்சுக்கோ கூடுதலாகத் தேவைப்படுகிறது. வயிற்றோடு ஒட்டிய கருவுணவும் விரைவில் தீர்கிறது. அந்த நேரத்தில் இரை கிடைக்காவிட்டால் பட்டினிதான்.

கடலின் சூட்டை நாம் மட்டும் தணிக்க முடியாது. தொட்டிலைக் காக்க முடியும். பாக்காவ் மரங்கள் குஞ்சுகளுக்கு நிழலும் இரையும் தருகின்றன. கரியைச் சேற்றில் பூட்டியும் வைக்கின்றன. இழுவை வலையில் சிக்கி, 'ஈக்கான் பாஜா' என்ற பெயரில் தீவனமாகும் குவியலில் நல்ல மீன்களின் குஞ்சுகளும் இருக்கின்றன. சந்தையில் விரலளவுக் குஞ்சுகளை வாங்காமல் விடுவது நம் கையில் இருக்கிறது. வெப்பத்தையும் அமிலத்தையும் தாண்டிப் பிழைத்த குஞ்சு, வளர்ந்து ஒருமுறையாவது முட்டையிடட்டுமே!