எண்ணும் குறியும் – 17: தலைமேல் ஒரு கழித்தல்

பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும், வகுக்கும்போது கழிக்க வேண்டும். சென்ற வாரம் அதோடு நின்றோம். 'எக்ஸ்' வரவேண்டிய இடத்தில் 'க' வருவது இந்தத் தொடரின் பழைய ஏற்பாடு. புதிதாக வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறை அடுக்குள்ள கோவைகளைச் சுருக்கிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். நடுவில் நிகொலா ஷுக்கே வந்துவிட்டார்.

ஷுக்கே பிரான்சின் லியோன் நகரில் இருந்தவர், மருத்துவம் படித்தவர். 1484இல் எண்களைப் பற்றி மூன்று பாகத்தில் ஒரு நூல் எழுதினார். அதில் 'க' போன்ற எழுத்தே கிடையாது. 12க என்பதற்கு 12 எழுதி, அதன் தலையில் சின்னதாக 1. 12க² என்றால் தலையில் 2. வெறும் 12 என்றால் தலையில் 0. சுழியத்தையே அடுக்காக ஏற்றியது பெரிய துணிச்சல். அவர் அதோடும் நிற்கவில்லை. 72க-வை 8க³ஆல் வகுக்கிறார். 72ஐ 8ஆல் வகுத்தால் 9. அடுக்கில் ஒன்றிலிருந்து மூன்றைக் கழிக்கிறார். விடையாக 9 எழுதி, தலையில் 2 போட்டு, பக்கத்தில் கழித்தலைக் குறிக்கும் 'எம்' எழுத்தைச் சேர்க்கிறார். நம் எழுத்தில் 9க⁻².

இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 'குறை இரண்டு முறை ஒன்றைப் பெருக்குவதாவது!' என்று அந்த மனிதர் தயங்கவே இல்லை. விதி கழிக்கச் சொன்னது, கழித்தார். க⁻² என்பது க²-இன் தலைகீழ் என்று நாம் இன்று மனப்பாடம் செய்வது இந்தக் கழித்தலின் விளைவுதான். தனியாக யாரும் இயற்றிய சட்டம் இல்லை. 2-இன் அடுக்குகளை 0 முதல் 20 வரை அடுக்கி ஒரு பட்டியலும் போட்டிருக்கிறார். கடைசி எண் 10,48,576. 128ஐ 512ஆல் பெருக்க வேண்டுமா? 7ஐயும் 9ஐயும் கூட்டி, 16க்கு நேரே பாருங்கள்: 65,536. பெருக்கலைக் கூட்டலாக்கும் இதே வித்தையைச் செய்யும் நேப்பியரின் மடக்கை அட்டவணை வந்தது 1614இல்தான்.

ஷுக்கேயின் நூல் அச்சேறியது 1880இல். நானூறு ஆண்டு கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. இடையில், 1520இல், அதே லியோனில் எத்தியென் த லா ரோஷ் என்பவர் ஒரு கணக்குப் புத்தகம் வெளியிட்டார். அதில் ஷுக்கேயின் சரக்கு நிறைய. ஷுக்கேயின் கையெழுத்துப் பிரதி கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதன் ஓரங்களில் லா ரோஷின் குறிப்புகள் இருந்தன! இப்போது நாம் எழுதும் வடிவில், க⁻¹ என்றால் 1/க என்று நியூட்டன் ஒரு கடிதத்தில் விளக்கியது 1676இல்தான்.

சரி, பக்கம் முடியப்போகிறது. ஒரு கணக்காவது போட்டுவிடுவோம்.

(2க⁻³ச²)⁻². வெளியே உள்ள −2 உள்ளே இருக்கும் ஒவ்வொரு காரணியின் அடுக்கையும் பெருக்கும். பலரும் கோட்டைவிடுவது அந்த அப்பாவி 2-இடம். அதற்கும் −2 உண்டு. ஆக 2⁻²க⁶ச⁻⁴. குறை அடுக்குள்ளவை பின்னக்கோட்டுக்குக் கீழே இறங்கும்: க⁶/(4ச⁴). முடிந்தது. 2⁻² என்பது கால், −4 அல்ல. தலைமேல் இருக்கும் கழித்தல் எண்ணைக் குறை எண்ணாக்காது. வருடா வருடம் வகுப்பு வகுப்பாக இந்த ஒரு இடத்தில் மதிப்பெண் போகிறது.

கோட்டைத் தாண்டி இப்படி இறங்கும் சலுகை காரணிகளுக்கு மட்டுமே. கூட்டலால் இணைந்த உறுப்புகளுக்கு இல்லை. உண்மையில் இந்த வாரம் பேச நினைத்தது இதைத்தான்: (க⁻¹ + ச⁻¹)⁻¹. இரண்டு தலைகீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு க + ச என்று வந்துவிடும் போலத்தான் தோன்றும். க-வுக்கு 2, ச-வுக்கு 3 போட்டுப் பாருங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் 5/6. அதன் தலைகீழ் 6/5. ஐந்து வரவில்லை. 2 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் கோத்து அளந்தாலும் மீட்டர் காட்டுவது இதே 1.2 ஓம்தான். ஏன் என்பது அடுத்த வாரம்.