நிழலில் கோரை: அழகும் அவதானமும்

ஊரில் கோரை என்றால் வயலில் பிடுங்கி எறிகிற களை. இங்கே அதே குடும்பத்துச் செடியை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்! ஸ்ரௌவ்வில் வீடுகளில் மேப்பிள் மரத்தின் கீழும் வடக்குச் சுவரோரமும் புல் பிடிக்காமல் மண் தெரியும் இடங்களுக்குக் கரை போட்ட கேரெக்ஸ் கோரை நல்ல பொருத்தம். வெள்ளைக் கரையுள்ள 'ஐஸ் டான்ஸ்' எமது பனிக்காலத்தைத் தாங்கும். மஞ்சள் கோடுள்ள 'எவர்கோல்ட்' இன்னும் வடிவு. ஆனால் குளிர் தாங்கும் சக்தி குறைவு, காற்றுப் படாத மூலை வேண்டும். மே கடைசியில் ஓர் அடி இடைவெளியில் நடுங்கள். மேப்பிள் வேர் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் முதற் கோடை முழுவதும் ஈரம் காயவிடக் கூடாது. அடுத்த ஏப்ரலில் குருத்து வருமுன் கருகிய இலைகளை வெட்டினால் போதும். ஹொஸ்டாவை மொட்டையாக்கும் மான்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

ஆனால் நிழல், ஈரம், சருகு ஆகியவை கருங்கால் உண்ணிக்கும் பிடித்தவை. லைம் நோயைக் காவும் இந்த உண்ணி றூஜ் பள்ளத்தாக்கில் நிலைகொண்டு பல வருடங்களாகின்றன. அதன் குஞ்சு எள்ளிலும் சிறியது. தாழ்ந்த இலை நுனியில் இருந்து காலில் ஏறும். ஆகவே கோரை நடைபாதையில் சரியாமல் பாருங்கள், சருகைக் கூட்டுங்கள். தோட்டவேலைக்கு நீளக் காற்சட்டை அணிந்து, அதை மேசுக்குள் விடுங்கள். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு வேண்டாம். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்ததென்றால், அகற்றி 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் நோயைத் தடுக்க உதவும். ஒன்ராறியோவில் 2023 ஜனவரி முதல் மருந்தாளரே இதை எழுதித் தரலாம். கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

எம்மவருக்கு முக்கியமானது இனித்தான். லைம் தடிப்பு என்று நாம் பார்க்கும் சிவப்பு வளையப் படங்கள் அநேகமாக வெள்ளைத் தோலில் எடுத்தவை. எமது மாநிறத் தோலில் அது ஊதாவாக, பழுப்பாக, அடிபட்ட கண்டல் போலத் தெரியலாம். வளையமே இல்லாமலும் இருக்கலாம். கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றி, நாளுக்கு நாள் அகலும். நோவோ கடியோ பெரிதாக இராது. அதனால் அம்மம்மாமார் "ஏதோ பூச்சி" என்று எண்ணெய் பூசிவிட்டு இருந்துவிடுகிறார்கள். பிறகு மூட்டு வீங்கி, முகம் ஒரு பக்கம் இழுத்த பிறகுதான் வைத்தியரிடம் வருகிறார்கள். முதல் வாரங்களில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நோயைக் காட்டாது; தோலைப் பார்த்துத்தான் மருந்து தொடங்க வேண்டும். தடிப்பு மறையுமுன் செல்போனில் படமெடுத்து, பேனையால் கரை கீறி, குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். தோட்டத்தில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.